எட்டு நாள் பொய்யும் இருபது வருஷ வைத்தியமும்

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து, எல்லோரும் கலையும் நேரம். கூலி விஷயம் பேசித் தீர்ந்த பிறகு பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் செர்னோபிலில் வந்து நின்றது. செர்னோபில் குழந்தைகளைக் கியூபா அழைத்துப் போய் வைத்தியம் பார்த்த கதையை நான் பெருமையோடு சொல்லி முடித்தேன். பக்கத்து ஊர் மில்லில் வேலை செய்யும் ஓர் இளம் தோழர் அந்த அணு உலை விபத்தைப் பற்றி ஏதோ படம் பார்த்திருக்கிறார். அவர் நேராகவே கேட்டார்: "அது கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட தேசம்தானே தோழர்? பச்சைப் பிள்ளைகள் விஷயத்தில்கூட ஏன் உண்மையை மறைத்தார்கள்?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, நடவு வேலைக்குப் போகிறவர், இன்னொரு கேள்வி போட்டார்: "பெத்த பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்?"

இரண்டு கேள்விக்கும் அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியில்லை. மேடைப் பேச்சில் பழகிப்போன நாக்கு. சங்கடமான இடம் வந்ததும் ஏகாதிபத்தியத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. சைக்கிளில் வீடு திரும்பும் வழியெல்லாம் அது உறுத்தியது. ஆகவே அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

1986-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, சனிக்கிழமை, பின்னிரவு 1 மணி 23 நிமிஷம். அன்றைய சோவியத் யூனியனைச் சேர்ந்த உக்ரைன் குடியரசில், செர்னோபில் மின்சார நிலையத்தின் 4-வது அணு உலை வெடித்தது. சுமார் பத்து நாள் அது புகைந்து எரிந்தது. கதிர்வீச்சுத் தூசி காற்றோடு கிளம்பி, உக்ரைனிலும் ரஷ்யாவிலும் எல்லாவற்றுக்கும் மேலாகப் பெலாரஸிலும் இறங்கியது. பெலாரஸின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறைபட்டுப் போயிற்று.

மின் நிலையத்தை ஒட்டிய பிரிப்யாத் நகரம் முழுக்கத் தொழிலாளிகள் நகரம். சுமார் 49 ஆயிரம் ஜனங்கள். உலை எரிந்துகொண்டிருக்க, சனிக்கிழமை காலை குழந்தைகள் வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனார்கள்; வெயிலில் விளையாடினார்கள். மறுநாள் பிற்பகல்தான் பஸ்கள் வந்தன. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடனிலுள்ள ஒரு மின் நிலையத்தில் ஒரு தொழிலாளியின் செருப்பில் கதிர்வீச்சு ஒட்டியிருப்பதைக் கருவி காட்டிக் கொடுத்தது. காற்று வந்த திசையை வைத்து அவர்கள் கணக்குப் போட்டுக் கேட்ட பிறகுதான், அன்று இரவு மாஸ்கோ வானொலியும் தொலைக்காட்சியும் நாலு வரிச் செய்தி வாசித்தன. மே தினத்தன்று கீவ் நகரத்தில் வழக்கம்போல் ஊர்வலம். அதில் குழந்தைகளும் பூங்கொத்துப் பிடித்து நடந்தார்கள். கட்சியின் தலைவர் கோர்பசேவ் தொலைக்காட்சியில் தோன்றி விஷயத்தைப் பேசியது மே 14-ந் தேதி.

மே தினம் நமது தினம். அந்த ஊர்வலத்தின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இந்தத் தாமதத்தால் குழந்தைகளுக்கு என்ன கெட்டது என்று புரிய வேண்டுமானால், அயோடின் என்ற சரக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் வாங்கும் உப்புப் பாக்கெட்டின் மேல் 'அயோடின் கலந்தது' என்று போட்டிருக்கும். நம் கழுத்தில் தைராய்டு என்று ஒரு சிறு சுரப்பி உண்டு. உடம்பு வளரவும் மூளை வளரவும் அது வேலை செய்தாக வேண்டும். அது வேலை செய்ய அயோடின் வேண்டும். கிடைக்காவிட்டால் கழுத்தில் கழலை கிளம்பும். நல்ல அயோடினா, விஷ அயோடினா என்று பிரித்துப் பார்க்க அந்தச் சுரப்பிக்குத் தெரியாது. எது வந்தாலும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

உலையிலிருந்து கிளம்பிய தூசியில் கதிர்வீச்சு அயோடின் ஏராளம். அது புல்லில் இறங்கியது. புல்லை மாடு தின்றது. மாட்டின் பாலைக் குழந்தை குடித்தது. பெரியவர்களைவிடக் குழந்தை பால் அதிகம் குடிக்கும். அதன் தைராய்டோ சுண்டைக்காய் அளவு. ஆகவே விஷம் முழுவதும் அந்தச் சிறு இடத்தில் குவிந்தது. அதிலும் வீட்டில் ஒரு பசு வைத்துக்கொண்டு, கறந்த பாலை அப்படியே பிள்ளைக்குக் கொடுத்த கிராமத்துக் குடும்பங்கள்தான் அதிகமாக அடிபட்டன. ஏழை தன் குழந்தைக்குத் தரக்கூடிய மிக நல்ல ஆகாரம் எதுவோ, அதுவே நஞ்சாயிற்று.

இந்த அயோடினுக்கு ஒரு குணம் உண்டு. எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகும். அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி. 80 நாள் கழித்துப் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 'கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் இங்கே அந்த எட்டு நாள்தான் ஆபத்தான நாள். புளுகு வெளுப்பதற்குள் பிள்ளையின் கழுத்தில் விஷம் போய் உட்கார்ந்துவிட்டது.

இதற்கு மருந்து என்ன? கேட்டால் மனம் கொதிக்கும். நல்ல அயோடின் மாத்திரை ஒன்றை நேரத்தோடு கொடுத்துவிட்டால் போதும். சுரப்பி நிறைந்துவிடும், நிறைந்த குடத்தில் மேலே ஊற்றினால் வழிந்து போவதுபோல் விஷ அயோடின் தங்க இடமில்லாமல் வெளியேறும். மாத்திரை இல்லையா? "சில வாரங்களுக்குக் கறந்த பால் கொடுக்காதீர்கள்" என்று வானொலியில் ஒரு வாக்கியம் போதும். காசு செலவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமானால் விபத்து நடந்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே! பிரிப்யாத் நகரில் மாத்திரை கொடுத்தார்கள். கறைபட்ட கிராமங்கள் பலவற்றுக்கு மாத்திரையும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. வந்த இடங்களிலும் நாள் கடந்து வந்தது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா என்றால், இல்லை. 1957-ல் பிரிட்டனில் விண்ட்ஸ்கேல் அணு உலை தீப்பிடித்தபோது, சுற்றுவட்டாரப் பண்ணைகளின் பாலையெல்லாம் வாங்கிக் கொட்டினார்கள். (அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மாக்மில்லன் அமுக்கி வைத்தார் என்பது வேறு சங்கதி. உண்மையை மறைப்பதில் முதலாளித்துவ சர்க்கார்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.) பால்தான் முதல் எதிரி என்பது செர்னோபிலுக்கு 29 வருஷம் முன்பே உலகம் அறிந்த சேதி.

இன்னும் பக்கத்து உதாரணம் போலந்து. மாஸ்கோ அவர்களுக்கும் தகவல் சொல்லவில்லை. ஆனால் அவர்களது விஞ்ஞானிகள் கருவியில் கண்டதை வைத்து சர்க்காரை உலுக்கினார்கள். ஏப்ரல் 29-ந் தேதி இரவிலிருந்தே அயோடின் கரைசல் கொடுக்கத் துவங்கினார்கள். சில தினங்களுக்குள் ஒரு கோடியே ஐந்து லட்சம் குழந்தைகள் வரை அதைக் குடித்தார்கள். கவனிக்க வேண்டும்: 1986-ல் போலந்தையும் ஒரு கம்யூனிஸ்ட் கட்சிதான் ஆண்டது. ஆகவே 'சோஷலிச நாடு, அதனால் முடியவில்லை' என்று எதிரி சொல்வதும் பொய். 'எந்த சர்க்காராலும் முடிந்திருக்காது' என்று நம்மில் சிலர் சமாதானம் சொல்வதும் பொய்.

இளம் தோழரின் கேள்விக்கு என் பதில் இதுதான்: மறைத்தது குற்றம். தன் ஜனங்களிடம் உண்மையைச் சொன்னால் தன் பெயர் கெட்டுவிடும் என்று பயந்த அதிகாரிகள், ஜனங்களின் பிள்ளைகளை விட்டுத் தங்கள் பெயரைக் காப்பாற்றப் பார்த்தார்கள். நாம் மதித்த கொடியின் கீழ் நடந்தது என்பதால் குற்றம் சிறிதாகிவிடாது. எனக்கு அது இன்னும் அதிகமாகத்தான் வலிக்கிறது.

மில் தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. விபத்துக்குப் பிறகு வழக்கு நடந்தது. 1987-ல் மின் நிலைய டைரக்டர் உட்பட, அங்கே வேலை பார்த்தவர்களுக்கே தண்டனை. உலையின் அமைப்பிலேயே ஆபத்தான கோளாறு இருந்தது. உலையை நிறுத்துவதற்காக உள்ளே இறக்கும் கம்பிகளே துவக்கத்தில் சில விநாடி அதன் வேகத்தைக் கூட்டிவிடும். 1983-ல் லித்துவேனியாவிலிருந்த அதே மாதிரி உலையில் இது தெரியவந்திருந்தது. ஓட்டுகிறவர்களுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. மெஷினில் கை போனால் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதும் பழக்கம் எங்கே இருந்தாலும் நமக்கு அடையாளம் தெரியும்.

நாலைந்து வருஷம் கழிந்தது. பெலாரஸிலும் உக்ரைனிலும் குழந்தைகளின் கழுத்தில் கட்டி தென்படத் துவங்கியது. குழந்தைகளுக்குத் தைராய்டுப் புற்றுநோய் என்பது லட்சத்தில் ஒன்று வருவதே அபூர்வம். மின்ஸ்க் நகர ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் செய்தார்கள். கழுத்தின் குறுக்கே தங்கிவிடும் அந்தத் தழும்புக்கு ஜனங்கள் 'செர்னோபில் நெக்லஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையின் கழுத்துக்கு எந்த நகையும் வாங்கிப் போட வக்கில்லாதவர்களுக்குக் கிடைத்த நெக்லஸ்!

அப்போது சர்வதேச அணுசக்தி ஸ்தாபனம் என்ன செய்தது? அணுசக்தியை வளர்ப்பதற்கென்றே 1957-ல் துவக்கப்பட்ட ஸ்தாபனம் அது. 1991-ல் அதன் ஏற்பாட்டில் வந்த அறிக்கை, கதிர்வீச்சினால் நேரடியாக வந்ததென்று சொல்லக்கூடிய நோய் எதையும் காணவில்லை என்றது. பெலாரஸ் டாக்டர்கள் விடவில்லை. 1992 செப்டம்பரில் தங்கள் கணக்கை 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். முதலில் நம்ப மறுத்த பெரிய விஞ்ஞானிகள் பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஐ.நா. விஞ்ஞானக் குழு பின்னால் எடுத்த கணக்கின்படி, விபத்தின்போது 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களில், 1991 முதல் 2015 வரை சுமார் 19 ஆயிரம் பேருக்குத் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கதிர்வீச்சினால் வந்தது. நல்ல வேளை, வைத்தியம் பார்த்தால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய நோய் இது. ஆனால் ஆயுள் முழுக்க மாத்திரை தின்ன வேண்டும். அன்று ஒரு மாத்திரை கிடைக்காதவர்கள் இன்று தினம் ஒரு மாத்திரை விழுங்குகிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. உலையைக் கட்டிய சர்க்கார் மறைந்தது; நோய் புதிய சிறு தேசங்களின் தலையில் விழுந்தது. 1991-ல் பெலாரஸ் தன் வரவு செலவில் நூற்றுக்கு 22 பங்கை இந்த ஒரு விபத்துக்காகவே செலவு செய்தது. தாங்குமா?

வெளி தேசத்து உதவி அப்போதுதான் பெருகியது. இதில் பல ரகம் உண்டு. ஒரே தராசில் போட்டு, 'எல்லாம் முதலாளித்துவத் தர்மம்' என்று ஒதுக்குவது தப்பு.

ஜப்பானியர் வந்தார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு போட்ட அமெரிக்கா, 1947-ல் அங்கே ஒரு கமிஷன் வைத்துத் தப்பிப் பிழைத்தவர்களைப் பரிசோதித்தது. ரத்தம் எடுத்தது, அளந்தது, எழுதியது. ஆனால் வைத்தியம் பார்ப்பது தன் வேலையல்ல என்றது. அந்த அவமானம் தெரிந்த ஜப்பானிய டாக்டர்கள் 1991 முதல் 1996 வரை ஐந்து ஊர்களில் நிலையம் வைத்து, கருவி பூட்டிய பஸ்களில் கிராமம் கிராமமாகப் போய், சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகளைச் சோதித்தார்கள். கருவிகளையும் கொடுத்து உள்ளூர் டாக்டர்களையும் பழக்கினார்கள். பணம் கொடுத்தது ஸஸகாவா என்ற கோடீஸ்வரரின் ஸ்தாபனம். மனிதர் யுத்தக் குற்றவாளி என்ற சந்தேகத்தில் மூன்று வருஷம் சிறையிலிருந்து, விசாரணையின்றி வெளிவந்து, மோட்டார்ப் படகுப் பந்தயச் சூதாட்டத்தில் பணத்தைக் குவித்தவர். என்ன சொல்வது! பணம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். அந்தப் பஸ்ஸில் ஒரு குழந்தையின் கட்டி நேரத்தோடு தெரிந்ததென்றால் அதையும் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தில் ஆடி ரோச் என்ற பெண்மணி, அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் உழைத்தவர், 1991-ல் ஓர் அமைப்பைத் துவக்கினார். அதன் மூலம் 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அயர்லாந்துக்கு வந்து தங்கிப் போனார்கள். இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் எங்கும் இப்படிக் குடும்பங்கள் கதவைத் திறந்தன. இவர்கள் எல்லோரும் சீமான்கள் அல்ல. பஸ் டிரைவரும் பள்ளி ஆசிரியரும் தொழிற்சாலைத் தொழிலாளியும் தங்கள் பிள்ளைகளின் அறையில் இன்னொரு கட்டில் போட்டுத்தான் இடம் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் வந்து போனால் என்ன பலன் என்று கேட்கலாம். பலன் உண்டு. அயோடின் அழிந்த பிறகும் சீசியம் என்ற இன்னொரு விஷம் மண்ணில் தங்கியது. அதன் வீரியம் பாதியாக 30 வருஷம் ஆகும். பாலிலும் காட்டுக் காளானிலும் காட்டுப் பழத்திலும் அது ஏறும். சுத்தமான ஆகாரம் தின்றால் சில வாரங்களில் குழந்தையின் உடம்பிலுள்ள சீசியம் வெகுவாக இறங்கிவிடும். ஆனால் ஊர் திரும்பி அதே பாலைக் குடித்தால் திரும்பவும் ஏறும். இதுதான் இந்த உதவியின் வரம்பு.

வேறு குறைகளும் இருந்தன. ஊனமாய்ப் பிறந்த குழந்தை எதுவானாலும் அதைப் படம் பிடித்து, 'இது செர்னோபில் செய்தது' என்று எழுதி நிதி திரட்டிய ஸ்தாபனங்கள் இருந்தன. பிறவி ஊனம் கதிர்வீச்சால் பெருகியதாக ஐ.நா. விஞ்ஞானக் குழுவின் ஆய்வில் நிரூபணமாகவில்லை. துக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் பொய்தான்; அந்தப் பொய் அந்த ஊர்ப் பிள்ளைகளின் மனதில், 'நாம் உருப்படமாட்டோம்' என்ற பயத்தை ஊன்றியது. இன்னொன்று: ஒரு மாதம் பணக்கார தேசத்து வீட்டில் பொம்மையும் புதுச் சட்டையுமாக இருந்துவிட்டு ஊர் திரும்பும் குழந்தையின் மனம் என்ன பாடுபடும்? 2008-ல் அமெரிக்கா போன ஒரு சிறுமி திரும்ப மறுத்துவிட்டாள். உடனே பெலாரஸ் சர்க்கார் பிரயாணங்களையே நிறுத்தியது. பிறகு தேசத்துக்குத் தேசம் ஒப்பந்தம் போட்டுத்தான் மீண்டும் நடந்தது.

இப்போது கியூபாவுக்கு வருவோம். 1990 மார்ச் 29-ந் தேதி 139 குழந்தைகள் ஹவானா விமான நிலையத்தில் இறங்கினார்கள். பிடல் காஸ்ட்ரோ நேரில் போய் வரவேற்றார். உக்ரைனிலிருந்து உதவி கேட்டுக் குரல் வந்து அதிக நாள் ஆகவில்லை. ஹவானாவுக்குக் கிழக்கே கடற்கரையில் தரரா என்று ஓர் இடம். புரட்சிக்கு முன்பு அங்கே பணக்காரர்களின் கடற்கரை பங்களாக்கள். பிறகு 1975 முதல் கியூபாவின் பள்ளிப் பிள்ளைகள் முகாம் போடும் ஊராக இருந்தது. அதைச் செர்னோபில் குழந்தைகளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

வந்தவர்களை டாக்டர்கள் நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ரத்தப் புற்றுநோய் போன்ற கொடிய நோய்க்காரர்கள் ஹவானாவின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் தங்கினார்கள். தலைமுடி முழுக்க உதிர்ந்த பிள்ளைகள், தோல் நோய்க்காரர்கள், பல் கெட்டவர்கள், இரவெல்லாம் தூங்காமல் அழுகிற பிள்ளைகள் தரராவில் தங்கினார்கள். ஒவ்வொரு குழந்தையின் உடம்பிலும் எவ்வளவு சீசியம் என்று அளந்தார்கள். பலருக்கு அளவு குறைவாகவே இருந்தது. நோய்கள் எல்லாம் கதிர்வீச்சினால் வந்தவை என்று கியூப டாக்டர்கள் சொல்லவுமில்லை. ஆனால், 'உன் நோய் செர்னோபிலால் வந்ததுதான் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா' என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பவில்லை.

பிள்ளைகளோடு ஆசிரியர்கள் வந்தார்கள். நோய் கடுமையானால் தாயும் வந்தாள். படிப்பு கெடாதபடி பள்ளிக்கூடம் அங்கேயே நடந்தது. விமானச் செலவு உக்ரைனுடையது. மற்றதெல்லாம், வைத்தியம், சாப்பாடு, படுக்கை, மருந்து, கியூபாவின் செலவு. எந்தப் பிள்ளையும் எந்தக் குடும்பத்தின் கூடத்திலும் நின்று, 'தங்கள் தயவு' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு தரராவின் வழி மற்றெல்லாவற்றையும் விட உயர்வாகத் தோன்றுகிறது.

1990-ல் துவங்கியது 2011 வரை நடந்தது. சுமார் 26 ஆயிரம் பேர் வந்து போனார்கள், பெரும்பாலோர் குழந்தைகள்.

இந்த இடத்தில் வேறொரு கேள்வி எழும், எழ வேண்டும். 1991-க்குப் பிறகு கியூபாவின் நிலை என்ன? சோவியத் எண்ணெய் நின்றது, வியாபாரம் நின்றது. தேசத்தின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. பஸ் ஓடவில்லை, ஜனங்கள் சைக்கிளில் போனார்கள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. அமெரிக்கா இந்தச் சமயம் பார்த்து 1992-ல் முற்றுகையை இறுக்கியது: கியூபாவுக்குப் போன கப்பல் ஆறு மாதம் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரக்கூடாது என்று சட்டம் போட்டது. ஆகாரத்தில் சத்துக் குறைந்து, 1991 முதல் 1993 வரை 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட கியூபர்களுக்குக் கண் மங்கியது, கால் மரத்தது. சர்க்கார் ஊர் முழுக்க வைட்டமின் மாத்திரை கொடுத்துத்தான் அதை அடக்கியது.

தன் வீட்டில் உலை கொதிக்காதபோது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடுவது சரியா? சர்க்கார் எடுத்த முடிவு. தட்டில் குறைந்தது ஜனங்களின் சோறு. இதை மழுப்பக்கூடாது. ஆனால் நம் ஜில்லாவில் மில் ஸ்டிரைக் நாற்பது நாள் தாண்டியபோது, கிராமத்து விவசாயத் தொழிலாளிகள் சங்க ஆபீஸ் வாசலில் அரிசி மூட்டை இறக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது அறுவடை முடிந்து மிஞ்சிய அரிசி அல்ல. அறுவடையே பொய்த்த வருஷம் அது. மிஞ்சியதைக் கொடுப்பது ஒன்று; இருப்பதில் பாதியைக் கொடுப்பது வேறு. கியூபா செய்தது இரண்டாவது ரகம்.

அதற்குக் கைம்மாறு கிடைத்ததா? அமெரிக்க முற்றுகையை எதிர்த்து ஐ.நா. பொதுச்சபையில் வருஷந்தோறும் தீர்மானம் வரும். 2023-ல் 187 தேசங்கள் கியூபாவுக்காகக் கை தூக்கின. அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்த்தன. எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றது ஒரே ஒரு தேசம்: உக்ரைன். நம் தோழர்கள் சிலர் இதைச் சொல்லி, 'நன்றி கெட்டவர்கள்' என்று ஏசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஓட்டுப் போட்டது யுத்தத்தில் சிக்கி அமெரிக்க ஆயுதத்தை நம்பி நின்ற ஒரு சர்க்கார். தரராவில் முடி முளைத்த சிறுமி அல்ல. ஒரு குழந்தையைக் குணப்படுத்திவிட்டு அதற்கு வட்டி கேட்பது லேவாதேவிக்காரன் வேலை.

உதவிகளில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் மாடு வளர்க்கும் தோழர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்யன் நீலம் என்று ஒரு சாயச்சரக்கு உண்டு. ஓவியத்துக்கும் துணிக்கும் பயன்பட்டது. அதை மாட்டின் வயிற்றுக்குள் செலுத்தினால், தீவனத்தோடு வரும் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியே போய்விடும்; பாலில் சீசியம் பாதிக்கும் கீழே இறங்கும். 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் நார்வே விஞ்ஞானிகளும் உள்ளூர்க் கால்நடை டாக்டர்களும் சேர்ந்து, பெலாரஸ், உக்ரைன், ரஷ்யக் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களின் பசுக்களுக்கு இதைக் கொடுத்தார்கள். குழந்தையை அனுப்ப வேண்டாம், பிரிவு இல்லை, அழுகை இல்லை. வீட்டுப் பாலையே குடிக்கத் தக்கதாக்கும் வழி. ஒரு மாட்டுக்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் நீல உருண்டை விழுங்கிய பசுவைப் படம் பிடித்துப் போட்டால் யார் காசு அனுப்புவார்கள்? மொட்டைத் தலைச் சிறுமியின் படத்துக்குத்தானே உண்டியல் நிறையும்?

அக்காவின் கேள்வி பாக்கி இருக்கிறது. எந்தத் தாய் அனுப்புவாள்? மூன்று நாளில் திரும்பலாம் என்று சொன்னவர்களை நம்பி வீட்டைப் பூட்டிய தாய் அனுப்பினாள். 'ஒன்றுமில்லை' என்று வானொலி சொன்ன நாட்களில் தன் கையாலேயே பாலை ஆற்றிக் கொடுத்தவள் அனுப்பினாள். பிறகு அவளுக்குத் தன் மாடு, தன் தோட்டம், தன் கிணறு எதன் மேலும் நம்பிக்கையில்லை. அந்நிய பாஷை பேசும் டாக்டரை நம்பி ஒப்படைத்தாள் என்றால், சொந்த பாஷையில் கேட்ட வார்த்தைகள் அப்படி.

போன வாரம் அதே கிராமத்துக்குப் போயிருந்தேன். இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைங்களுக்கு இப்ப என்ன வயசு இருக்கும் தோழர்?" என்றார்.

விபத்து நடந்தபோது நான் அரிச்சுவடி எழுதும் வயதுப் பையன்.

"என் வயசுதான் அக்கா" என்றேன்.